ஒற்றைக்கல்லா, கொத்தா, தொங்கலா: வைரக் காதணியைத் தேர்ந்தெடுக்கும் முறை

மோதிரத்தில் பதித்த வைரத்தை அணிந்தவரே ஒரு நாளில் பலமுறை பார்க்கிறார். கையைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு சாண் தொலைவுக்குள் வைத்துப் பார்க்கிறார். காதில் இருக்கும் வைரத்தை அணிந்தவர் கண்ணாடியின் முன் நிற்கும் சில நிமிடங்கள் தவிர வேறெப்போதும் காண்பதில்லை. எதிரில் அமர்ந்து பேசுபவர்தான் அதைக் காண்கிறார். அவரும் இரண்டு மூன்று முழத் தொலைவிலிருந்து, பெரும்பாலும் பக்கவாட்டில், கூந்தலின் நிழலுக்குள், தலை அசையும் நொடிகளில் மட்டுமே காண்கிறார். இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால் வைரக் காதணி வாங்குவதில் எழும் குழப்பங்களில் பெரும்பகுதி தானாகவே விலகிவிடும் என்பது என் உறுதியான கருத்து. மோதிரத்துக்குப் பொருந்தும் அளவுகோல்களை அப்படியே காதணிக்கும் பயன்படுத்துவதால்தான் பலர் தேவையற்ற இடத்தில் பணத்தைச் செலவிட்டு, தேவையான இடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

காதணிகளைப் பொதுவாக நான்கு குடும்பங்களாகப் பிரிக்கலாம்: ஒற்றைக்கல் தோடு, பல கற்களைச் சேர்த்துக் கட்டிய கொத்துத் தோடு, வளையம், தொங்கல். இவற்றில் எது அழகு என்று கேட்பதைவிட, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் காதில் இருக்கப்போகிறது, எந்த வெளிச்சத்தில் இருக்கப்போகிறது என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேட்டுக்கொள்வது பயனுள்ளது.

ஒற்றைக்கல் தோட்டிலிருந்து தொடங்குவோம். வைரத்தின் எடை காரட்டில் சொல்லப்படுகிறது. 1 காரட் என்பது 200 மில்லிகிராம், அதையே 100 சென்ட்டாகப் பிரித்துப் பேசுவது வணிக வழக்கம். தங்கத்தின் தூய்மையைக் குறிக்கும் காரட் இதிலிருந்து முற்றிலும் வேறானது. காதணி வாங்குவோர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, சீட்டில் எழுதியிருக்கும் எடை ஒரு கல்லுக்கா, இரண்டு காதுக்கும் சேர்த்தா என்பதைத்தான். பெரும்பாலும் அது மொத்த எடையாகவே இருக்கும், ஆகவே 1 காரட் தோடு என்றால் காதுக்கு 50 சென்ட் மட்டுமே. வட்ட வைரத்தில் 25 சென்ட் கல்லின் குறுக்களவு ஏறத்தாழ 4.1 மில்லிமீட்டர், 50 சென்ட் கல் 5.1 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், 1 காரட் கல் 6.5 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும். எடை இரு மடங்கு ஆகும்போது அகலம் கால் பங்கு அளவுக்கே கூடுகிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. காரட் ஒன்றுக்கான விலையோ எடை கூடக் கூட உயர்கிறது. மூன்று முழத் தொலைவில் நிற்பவரின் கண்ணுக்கு 45 சென்ட்டுக்கும் 50 சென்ட்டுக்கும் வேறுபாடு தெரியாது; ஆனால் முழு எண்ணைத் தொடும் எடைகளுக்குக் கேட்பவர் அதிகம் என்பதால் விலையில் அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் கல்லை எடுப்பதே அறிவுடைமை.

பெரிய ஒற்றைக்கல்லுக்கு ஒரு குறை உண்டு. அதை வாங்கும் இடத்தில் யாரும் எளிதில் சொல்வதில்லை. கல் பெரிதாகும்போது அதைத் தாங்கும் கூடும் ஆழமாகிறது, காதணியின் எடை மடலுக்கு முன்னால் தள்ளிப்போகிறது, பின்னால் இருக்கும் சிறிய திருகாணியால் அதைச் சமன்செய்ய முடிவதில்லை. விளைவாகக் கல் தலைகவிழ்ந்து தரையைப் பார்க்கிறது. நான் முதன்முதலில் ஆசையோடு வாங்கிய தோட்டுக்கு இதுவே நேர்ந்தது. நேராக நின்றால் கல்லின் முகம் தெரியவில்லை. கல்லைப் பிடித்திருக்கும் உலோக நகங்களில் மேலிரண்டும் கூட்டின் விளிம்பும்தான் தெரிந்தன. கல்லின் மீது விழுந்து திரும்ப வேண்டிய ஒளி முழுவதும் என் தோளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அகலமான தட்டு கொண்ட திருகாணியை மாற்றிய பிறகு பாதி சரியானது. மடலின் கீழ்விளிம்புக்கு மிக அருகில் துளை இருந்ததால் மீதி சரியாகவே இல்லை. ஆகவே மடல் மெல்லியதாகவோ துளை தாழ்ந்தோ இருப்பவர்கள், கல்லின் அளவை 5 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்வதும், கூம்பு வடிவில் மூன்று நகங்களோடு மடலை ஒட்டி அமரும் கூட்டைத் தேர்ந்தெடுப்பதும் நல்லது. நான்கு நகக் கூடு கல்லைச் சற்று உயர்த்திக் காட்டும்; அந்த உயரமே கவிழ்வதற்கும் வழிசெய்யும். கல்லைச் சுற்றி உலோக விளிம்பு வைத்து மூடிய அமைப்பு கூந்தலிலும் துணியிலும் சிக்காது, கல்லின் ஓரத்தையும் காக்கும். விளையாட்டு, பயணம், கைக்குழந்தையைத் தூக்கும் நாட்கள் ஆகியவற்றுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

பார்வைக்குப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதே விருப்பமானால், ஒற்றைக்கல்லோடு போராடுவதைவிடக் கொத்துத் தோட்டை நாடுவதே மேல். ஒரே அளவுள்ள வட்டங்களில் நடுவே ஒன்றை வைத்தால், அதைச் சுற்றி ஆறு வட்டங்கள் இடைவெளி இல்லாமல் மிகச் சரியாகப் பொருந்தும். ஏழு கல் அமைப்பு அத்தனை இயல்பாகத் தோன்றுவதற்கு இந்த வடிவக் கணக்கே காரணம். 10 சென்ட் வட்டக் கல்லின் அகலம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அப்படி ஏழு கற்களைச் சேர்த்தால் மொத்தம் 70 சென்ட்டில் 9 மில்லிமீட்டர் அகலமுள்ள பூ ஒன்று கிடைக்கிறது. அதே 70 சென்ட்டை ஒரே கல்லாக வாங்கினால் 5.7 மில்லிமீட்டர்தான் கிடைக்கும்; ஒரே கல்லில் 9 மில்லிமீட்டர் வேண்டுமானால் ஒரு காதுக்கு இரண்டே முக்கால் காரட்டுக்கு அருகில் செல்ல வேண்டியிருக்கும். சிறிய கற்களில் காரட் ஒன்றுக்கான விலையும் குறைவு என்பதால் வேறுபாடு இன்னும் பெருகுகிறது. கொத்து, தட்டையாக மடலோடு படிந்து அமர்வதால் கவிழ்வதும் குறைவு.

ஆனால் ஒளியின் தன்மை மாறுகிறது என்பதை மறைக்கக் கூடாது. பெரிய கல்லில் பட்டைகள் பெரியவை. அவை அகன்ற, மெதுவான பளிச்சிடல்களைத் தருகின்றன, நிறச் சிதறலும் கண்ணுக்கு எட்டும். சிறிய கற்களின் கூட்டம் பல நுண்ணிய மினுமினுப்புகளைத் தருகிறது. தொலைவிலிருந்து பார்க்கையில் அவை ஒன்றுகலந்து வெண்மையான ஒளித்திட்டாகத் தெரிகின்றன. அமைதியான, கூர்மையான தோற்றத்தை விரும்புபவருக்கு முதலாவது. நிறைவான தோற்றத்தை விரும்புபவருக்கு இரண்டாவது. நடுக்கல்லைச் சுற்றிப் பொடிக்கற்களை வளையமாகப் பதிக்கும் சுற்றுக்கல் அமைப்பு இவை இரண்டுக்கும் இடைப்பட்டது. அதில் பொடிக்கற்கள் நடுக்கல்லைவிட வெண்மையாக இருந்தால் நடுக்கல் மஞ்சள் பாய்ந்ததுபோல் தோன்றிவிடும் என்பதால், இரண்டின் நிறமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். எண்ணற்ற பொடிக்கற்களை நெருக்கிப் பதித்த வேலைப்பாடுகளில், ஒவ்வொரு கல்லையும் பிடித்திருப்பது மயிரிழை போன்ற உலோக மணிகளே. தினமும் துவாலையாலும் சீப்பாலும் உரசப்படும் காதுக்கு அவை உகந்தவை அல்ல.

வளையங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 12 முதல் 20 மில்லிமீட்டர் வரை குறுக்களவுள்ள வளையம் பகல் நேரத்துக்குப் பொருந்தும், அதற்கு மேற்பட்டது மாலைக்குரியது. முன்பக்கத்தின் வெளிமுகத்திலும் பின்பக்கத்தின் உள்முகத்திலும் கல் பதித்த வளையமாக இருந்தால், முன்னிருந்து பார்ப்பவருக்கு முழு வட்டமும் ஒளிர்வதாகத் தெரியும். கண்ணில் படாத பாதிக்குக் கல்லுக்கான விலை கொடுக்க வேண்டியதில்லை. அணிந்துகொண்டு உறங்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி.

தொங்கலின் சிறப்பு அதன் அசைவில் இருக்கிறது. வைரம் மின்னுவதற்கு மூன்றில் ஒன்று அசைய வேண்டும்: கல், ஒளி, அல்லது பார்ப்பவரின் கண். தோடு தலையோடு சேர்ந்தே அசைகிறது. தொங்கல் தலை நின்ற பிறகும் சில நொடிகள் ஆடிக்கொண்டிருக்கிறது. எனவே அதே எடையுள்ள கல் தொங்கலில் கூடுதல் உயிரோடு தெரிகிறது. இங்கேதான் வெளிச்சம் பற்றிய கேள்வி முக்கியமாகிறது. மெழுகுவர்த்தி, சிறு விளக்குகள் போன்று புள்ளி புள்ளியாக இருக்கும் ஒளிமூலங்களின் கீழ் வைரம் வானவில் நிறங்களைச் சிதறடிக்கிறது. அலுவலகக் கூரையின் பரவலான வெள்ளை ஒளியிலும் மேகமூட்டமான பகலிலும் அந்த நிறங்கள் அடங்கி, வெண்மையான ஒளிர்வு மட்டுமே எஞ்சுகிறது. ஆகவே நாள் முழுவதும் பரவலான ஒளியில் இருப்பவருக்குத் தொங்கலின் பெரும்பயன் கிடைக்காது. இரவு விருந்துக்கோ மேடைக்கோ அணிபவருக்கு அது முழுமையாகக் கிடைக்கும்.

நகைக்கடைகளில் விளக்குகள் புள்ளி ஒளியாகவே அமைக்கப்படுகின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நீர்த்துளி வடிவக் கற்கள் பதித்த ஒரு தொங்கலை அந்த விளக்குகளின் கீழ் பார்த்து நான் மிகவும் விரும்பினேன். சன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது கல்லின் நடுவே குறுக்காக, வில் முடிச்சு போன்ற கரிய நிழல் ஒன்று அசையாமல் கிடந்தது. பார்ப்பவரின் தலை ஒளியை மறைப்பதால் நீர்த்துளி, முட்டை, படகு ஆகிய நீள வடிவங்களில் இந்த நிழல் ஓரளவு இருக்கவே செய்யும். கல்லைச் சற்றுச் சாய்த்தால் அது கலைந்து ஒளியாக மாற வேண்டும்; கலையவில்லையென்றால் அந்தக் கல்லைக் கைவிடலாம். நான் கைவிட்டேன்.

காதணி வாங்குபவர் இரண்டு கற்களை வாங்குகிறார் என்பதால், ஒவ்வொரு கல்லும் தனித்தனியே எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட, இரண்டும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதே பெரிது. எடை ஒத்திருப்பது போதாது. குறுக்களவு, ஆழம், நிறம், மேற்பட்டையின் அகலம் ஆகியவையும் நெருங்கி வர வேண்டும். அதே வேளையில், இரு காதுகளையும் ஒரே நேரத்தில் நேருக்கு நேர் பார்ப்பவர் குறைவு. பிரான்சின் அரசி மரீ அந்துவானெத்துக்கு உரியவை என்று வழிவழியாகச் சொல்லப்படும் காதணிகள் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் நீர்த்துளி வைரங்களில் ஒன்று 20.34 காரட், மற்றொன்று 14.25 காரட். ஆறு காரட் வேறுபாடு இருந்தும் அவை இணையாகவே கருதப்படுகின்றன. நீளமான தொங்கலில் முகத்தின் அகலம் இரு கற்களையும் பிரித்துவைப்பதால் சிறு வேறுபாடுகள் மறைந்துவிடும். நடுவில் ஒரே கல்லாக நிற்கும் தோட்டில், புகைப்படம் எடுக்கும்போது, அவை வெளிப்பட்டுவிடும். ஆகவே இணைப்பொருத்தத்துக்கான கண்டிப்பை ஒற்றைக்கல்லுக்கு ஒதுக்கி, தொங்கலில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

பட்டை தீட்டிய வடிவத்தில் வட்டத்துக்கே நான் முதலிடம் கொடுப்பேன். 57 அல்லது 58 பட்டைகள் கொண்ட இந்த வடிவத்தின் கோணங்களை 1919இல் பெல்ஜியப் பொறியியலாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்கிட்டு வெளியிட்டார். மேலே நுழையும் ஒளி அடிப்பகுதியில் இருமுறை முட்டி மேலேயே திரும்புவதுதான் அந்தக் கணக்கின் அடிப்படை. காதில் கல் எந்தப் பக்கம் சுழன்றாலும் வட்டம் வட்டமாகவே தெரியும் என்ற எளிய நன்மையும் இதற்கு உண்டு. சதுரக் கல்லைத் தோடாக அணிந்தால், திருகாணியைப் பூட்டும்போது ஒரு காதில் சதுரமாகவும் மறு காதில் சாய்சதுரமாகவும் நின்றுவிடும். அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். சதுரத்தின் நான்கு கூர்முனைகளும் உடையக்கூடியவை என்பதால் முனைகளை மூடும் நகங்கள் கட்டாயம் தேவை. வைரம் மிகக் கடினமான பொருள்தான், கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் 10. ஆனாலும் அதன் படிகத்தில் பிளவுபடும் தளங்கள் உண்டு, குளியலறைத் தரையில் விழுந்தால் முனை சிதறுவதைக் கடினத்தன்மை தடுக்காது. படிக்கட்டு போல நீள்பட்டைகள் தீட்டிய செவ்வகக் கற்கள் மின்னுவது குறைவு. அவற்றின் அழகு தெளிந்த நீர்ப்பரப்பின் அழகு. அடக்கமான உடைகளோடு, நேர்கோடுகளை விரும்புபவர்களுக்கு அவை மிகவும் பொருந்தும்.

நிறத்தையும் தெளிவையும் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பணம் வீணாவது இங்கேதான். நிறம் டி எழுத்திலிருந்து இசட் வரை தரப்படுத்தப்படுகிறது. டி நிறமற்றது, கீழே போகப் போக மஞ்சள் சாயல் கூடும். மோதிரத்துக்கு ஈ, எஃப் என்று தேடுபவர்கள்கூட, காதணிக்கு ஜி அல்லது எச் தரத்தோடு முழு மனநிறைவு அடையலாம். மஞ்சள் தங்கத்தில் பதிப்பதானால் ஐ, ஜே வரைக்கும் இறங்கலாம், ஏனெனில் நகங்களின் நிறமே கல்லுக்குள் பிரதிபலிக்கிறது. கல்லுக்குள் இருக்கும் குறைகளைக் கொண்டு தரம் பிரிக்கும் தெளிவில், வெறும் கண்ணுக்குக் குறை தெரியாத எஸ்ஐ1 தரம் வட்டக் கல்லுக்குப் போதுமானது. பத்து மடங்கு உருப்பெருக்கியை யாரும் உங்கள் காதருகே கொண்டுவரப்போவதில்லை. படிப்பட்டைக் கற்கள் மட்டும் உள்ளே இருப்பதை அப்படியே காட்டிவிடும் என்பதால் அவற்றுக்கு அதற்கு மேலுள்ள விஎஸ் தரம் தேவைப்படும். இவ்வாறு மிச்சமாகும் பணம் முழுவதையும் பட்டை தீட்டிய தரத்தில் போட வேண்டும். தொலைவிலிருந்து தெரியும் ஒரே குணம் அதுதான்.

உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காதின் பொறுமையை நினைக்க வேண்டும். இரண்டு 1 காரட் வைரங்கள் சேர்ந்தாலும் அரை கிராம்கூட வராது. காதில் உணரும் பாரம் முழுவதும் உலோகத்தின் பாரமே. தொங்கலில் நீளத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, தகட்டின் கனத்தையே கவனிக்க வேண்டும். 22 காரட் தங்கம் மென்மையானது, மெல்லிய நகங்கள் எளிதில் வளைந்துவிடும். 18 காரட்டும் 14 காரட்டும் கல்லை உறுதியாகப் பிடிக்கும். பிளாட்டினம் உறுதியானது, ஆனால் கனமானது. எனவே தோட்டுக்கு அது சரி, பெரிய தொங்கலுக்கு வேண்டாம். சில வெள்ளைத் தங்கக் கலவைகளில் நிக்கல் இருப்பதால் துளை அரிப்பவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூட்டும் முறைகளில் திருகு மரையுள்ள திருகாணியே மிகப் பாதுகாப்பானது. தினமும் கழற்றாத ஒற்றைக்கல்லுக்கு அதைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அழுத்திச் செருகும் பட்டாம்பூச்சி வடிவத் திருகாணி வசதியானது, ஆனால் பழகப் பழகத் தளர்ந்துவிடும். தொங்கலுக்கு, பின்னால் நெம்பி மூடும் கொக்கி வேண்டும். வெறும் வளைகம்பியை மாட்டிய தொங்கல், தலையில் அணிந்த துணியைக் கழற்றும் ஒரே இழுப்பில் காணாமல் போய்விடும்.

இயற்கை வைரமா, ஆய்வகத்தில் வளர்த்த வைரமா என்ற கேள்வி இப்போது தவிர்க்க முடியாதது. இரண்டும் வேதியியலில் கரியமே. கடினமும் ஒளிவிலகலும் ஒன்றே. வெப்பத்தைக் கொண்டு சோதிக்கும் சாதாரணக் கருவி இரண்டையும் வைரம் என்றே சொல்லும். வளர்த்த வைரம் விலையில் மிகக் குறைவு, மறுவிற்பனை மதிப்பும் அவ்வாறே மிகக் குறைவு. அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க நினைக்கும் இணைக்கு இயற்கைக் கல்லையும், பயணத்துக்கும் அன்றாடத்துக்கும் வளர்த்த கல்லையும் தேர்ந்தெடுப்பது நியாயமான பங்கீடு. விலை குறைவு என்பதற்காக அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஆசையை மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். காது தாங்கும் எல்லை மாறவில்லை. வைரத்தைப்போலத் தோன்றும் வேறொரு கல்லான மொய்சனைட், வைரத்தைவிட இரு மடங்குக்கும் அதிகமாக நிறங்களைச் சிதறடிக்கும். மாலை விளக்கில் அதுவே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முகவடிவத்துக்கு ஏற்பக் காதணி என்று பரவலாகச் சொல்லப்படும் விதிகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. கூந்தலும், கழுத்து வரியும், மூக்குக்கண்ணாடியும்தான் உண்மையில் தீர்மானிக்கின்றன. கூந்தலை விரித்துவிடுபவரின் தோடு பாதி நேரம் மறைந்தே இருக்கும். கூந்தலுக்குக் கீழே இறங்கும் தொங்கலே வெளியே தெரியும். கூந்தலை ஏற்றிக் கட்டுபவருக்கு 4 மில்லிமீட்டர் கல்லே போதும். கழுத்தை மூடிய உடைக்குத் தொங்கல் இடறும். கழுத்தில் கனத்த மாலை இருக்கும் நாளிலும் அப்படியே. கண்ணாடிச் சட்டம் கனமாக இருந்தால், அதன் கால்கள் முடியும் இடத்தில் கொத்துத் தோடு நெரிசலாகத் தோன்றும். ஒற்றைக்கல்லோ மெல்லிய வளையமோ அங்கே நிம்மதியாக அமரும்.

இனி முடிவுக்கு வரலாம். ஒரே ஓர் இணைதான் வாங்க முடியும் என்றால், காதுக்கு 25 முதல் 45 சென்ட் வரையுள்ள வட்ட ஒற்றைக்கல்லைத் திருகு மரையோடு வாங்குங்கள்; நேர்காணல், அலுவலகம், பயணம், சடங்கு, துக்கம் எதற்கும் அது முறைகேடாகத் தோன்றாது. இரண்டாவது இணைக்கு இதைவிடப் பெரிய ஒற்றைக்கல்லை வாங்குவது வீண். நீளம் ஓர் அங்குலத்துக்குள் இருக்கும் இலேசான தொங்கலை வாங்கினால் உங்கள் பேழையில் புதிய தோற்றம் ஒன்று சேரும். நீண்ட நேரம் நீடிக்கும் விழாக்கள் அதிகம் உள்ளவருக்கு, தொங்கலைவிடக் கொத்துத் தோடு உகந்தது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு மடல் சொல்லும் சாட்சி அது. இரண்டு இணைக்கும் வழியில்லாதவர்கள், ஒற்றைக்கல்லின் தண்டில் மாட்டிக் கழற்றக்கூடிய தனித் தொங்கல் ஒன்றைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். பகலில் தோடு, மாலையில் தொங்கல் என்று ஒரே கல் இருவேலை செய்யும். அப்படிச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் தண்டு சற்று நீளமாக இருக்கும்படி முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

வாங்கிய பிறகு ஒளி குறைந்துவிட்டதாக நினைத்துக் கல்லைக் குறைசொல்பவர்கள் பலர். வைரம் எண்ணெய்ப்பசையை ஈர்க்கும். சுரங்கங்களில் பிசுக்குத் தடவிய பலகைகளின் மீது ஓடவிட்டு வைரத்தைப் பிரித்தெடுத்ததே இந்தக் குணத்தை நம்பித்தான். காது மடலின் வியர்வையும் கூந்தல் எண்ணெயும் கல்லின் அடிப்பகுதியில் மெல்லிய படலமாகப் படிந்துவிட்டால், திரும்பி வர வேண்டிய ஒளி பின்பக்கமாகக் கசிந்துவிடுகிறது. ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீரும் சில துளி மென்மையான சோப்புக் கரைசலும் எடுத்து, தோட்டைப் பத்து நிமிடம் ஊறவைத்து, மிருதுவான தூரிகையால் கூட்டின் பின்புறத்தைத் தேய்த்தால் போதும். துடைத்த பின், தோட்டை இரு விரல்களுக்கிடையே பிடித்துக் காதருகே வைத்து மற்றொரு விரலால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். நகம் தளர்ந்த கல் மெல்லிய கிலுகிலுப்பு ஒலியை எழுப்பும், அந்த ஒலி கேட்டால் அன்றே பொற்கொல்லரிடம் கொண்டுபோய் நகங்களை இறுக்கச் சொல்ல வேண்டும்.